உறையூருக்கு ஒரு வெள்ளோட்டம்

ஒருவரோடு காபி குடிக்கப் போவதற்கு முன்னால், அதே ஓட்டலுக்குத் தனியாகப் போய், அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே காபியைக் குடித்துப் பார்த்துவிட்டு வருகிற மனிதரை என்னவென்று சொல்வது? நான் கோழை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவரிடம் சொன்னேன், எனக்குள் சொல்லிக்கொண்டேன். முகத்துக்கு நேரே மட்டும் 'சார்' என்றேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய அடுக்ககத்தில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவர் எங்களுக்கு நேர் மேல் வீடு. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலையில் பாய்லர்களைச் சோதித்துப் பார்த்து முத்திரை குத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஆசைப்பட்டார்கள் என்பதற்காகப் பெருமாளுக்குப் பக்கத்தில் வீடு வாங்கினார். மனைவி அதில் அதிக நாள் இருக்கவில்லை. ஒரே மகள், பெங்களூரில்.

ஒரு பாய்லரில் நெருப்பு வைப்பதற்கு முன்னால் அதில் தண்ணீரை நிரப்பி, அது பின்னால் தாங்க வேண்டியதைவிட அதிகமாகவே அழுத்தம் கொடுத்து, எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பார்களாம். பார்த்துத் திருப்தியான பிறகுதான் நெருப்பு. "தண்ணியில பாக்காம நெருப்புல வைக்கக் கூடாதும்மா" என்று அவர் அடிக்கடி சொல்வார். தொழிற்சாலைக்கு அது சரி. ஓய்வு பெறும்போது நாற்காலி, அடையாள அட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் இதை மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எதற்கும் அவருக்கு ஒரு வெள்ளோட்டம் வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால், அதற்கு முந்தின நாளே ஒருமுறை வெறும் வயிற்றோடு இருந்து, தாங்குகிறதா என்று பார்ப்பார். புதுச் செருப்பு வாங்கினால் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே நடப்பார். கீழே எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மணப்பாறையில் ஒரு கல்யாணம். முந்தின நாளே பஸ் ஏறிப் போய், மண்டபம் எங்கே, செருப்பை எங்கே விடுவது, கை கழுவும் இடம் எந்தப் பக்கம் என்று எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் அந்த அலுப்பில் தூங்கிப்போய் முகூர்த்தத்தைத் தவறவிட்டார்.

நானும் கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள்தான். பாப்பாவுக்கு நெற்றி சுட்டால் தெர்மாமீட்டரை முதலில் எனக்கு வைத்துப் பார்ப்பேன், கருவி சரியாக இருக்கிறதா என்று. ஆனால் அது வேறு. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. இவருக்கு என்ன இருக்கிறது, ஒரு குக்கரும் ஒரு டிவியும்.

காலையில் நடக்கப் போகிற கூட்டத்தில் யாரோ ஒருவர் அவரை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார். தனியாக இருக்கும் பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் அறிமுகமாகிக்கொள்ளும் குழு. போட்டோ போட வேண்டும் என்றார்களாம். எடுத்துத் தர முடியுமா என்று என்னிடம் வந்து நின்றார். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. அப்படி வளர்த்துவிட்டார்கள். போதாததற்கு, நான் கடைக்குப் போகும்போது பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். பாப்பா அவர் மடியில் ஏறி, தோளில் ஏறி, சில சமயம் தலையிலும் ஏறுவாள். அவளிடம் மட்டும்தான் அவர் எந்த ஒத்திகையும் இல்லாமல் இருந்தார்.

போட்டோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எடுத்தது எல்லாமே பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது போல இருந்தது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு நாள். பிறகு அதை முதலில் எனக்கு அனுப்பிப் பார்த்தார், சரியாகப் போகிறதா என்று.

அந்தக் குழுவில்தான் உறையூர் அம்மா அறிமுகமானார்கள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. மணப்பாறையில் ஒரு தம்பி இருக்கிறார். உறையூர் என்று கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கே உறையூரில் ஒரு நாச்சியார் உண்டு. பங்குனியில் அங்கே ஒருநாள் போய்விட்டு வருவார். அடுத்த சில நாளில் இங்கே தாயார் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே விடமாட்டேன் என்று ஊரே பார்க்கச் சண்டை நடக்கும். மாடி சாருக்குக் கதவைச் சாத்த ஆள் இல்லை. இருந்தும் அவர் பயந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் என் போனை என்னிடமே நீட்டினார்.

"மாடி சார் உனக்கு எதுக்கு, 'உங்கள் குரலைக் கேட்டால் வீட்டில் விளக்கு போட்டது போல இருக்கிறது'ன்னு அனுப்பியிருக்காரு?"

"அது எனக்கில்லைங்க. வெள்ளோட்டம்."

"தேருக்குத்தான் வெள்ளோட்டம் விடுவாங்க. வடமே இல்லாம நிக்கிறவருக்கு எதுக்குடி?" என்று என் கணவர், பாப்பா பயந்து விழிக்கும் அளவுக்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் என் போனில் கொண்டுவந்து கொட்டுகிறாரே என்றுதான் எரிச்சலாக இருந்தது. அனுப்பலாமா என்று சார் மேலேயிருந்து இறங்கி வந்து கேட்டார். உங்கள் இஷ்டம் சார் என்றேன். அந்த ஒரு சொல் போதும் அவருக்கு. கசிவு கண்டுவிட்டது போல முகம் மாறிவிட்டது. விளக்கை எடுத்துவிட்டார், குரலை எடுத்துவிட்டார். கடைசியில் உறையூருக்குப் போய்ச் சேர்ந்தது, 'வணக்கம். சாப்பிட்டீர்களா?' என்பது மட்டும்தான். தினமும் அதுவே போனது. ஒருநாள் பதில் வந்தது: 'சாப்பிட்டேன். நேற்றும் சாப்பிட்டேன்.'

பிறகு போன். போன் பேசுவதற்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் வீட்டில் டவர் கிடைக்கவில்லையாம். ஒரே கட்டடம், ஒரே காற்று. ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் கையாலும் உதட்டாலும் காட்ட வேண்டும்: கேளுங்க, சிரிங்க, அவங்களைப் பேச விடுங்க. இது சரியா, தப்பா, இவர் மகளுக்குத் தெரிந்தால் என்னை என்ன நினைப்பாள் என்று யோசித்துக்கொண்டே ஜாடை காட்டுவேன். அந்த அம்மாவுக்குத் தெளிவான குரல். ஒவ்வொரு சொல்லும் மடித்து வைத்த துணி போல இருக்கும். ஒருமுறை பேசிக்கொண்டே இருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள்.

"லைன்ல வேற யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க" என்றார் இவர். சரியாக அந்த நேரத்தில் பாப்பா பொம்மைக்காக அழ ஆரம்பித்தாள். "டிவிங்க. டிவியில குழந்தை."

அந்தப் பக்கத்திலிருந்து, "நல்ல டிவி" என்றார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தப்பித்துவிட்டோம் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நேரில் பார்க்கலாம் என்று சொன்னதும் அந்த அம்மாதான். தில்லைநகரில் ஒரு ஓட்டல் முடிவானது. அவ்வளவுதான், பாய்லருக்குத் தண்ணீர் நிரப்ப ஆரம்பித்துவிட்டார். முதலில் தனியாகப் போய் வந்தார். பிறகு பாப்பாவுக்கு ரவா தோசை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். ஒருமுறை இல்லை, மறுபடியும் போனோம். மீன் தொட்டிக்குப் பக்கத்து மேஜைதான் சரி, ஏசி நேராக முகத்தில் அடிக்காது என்று கண்டுபிடித்தார். என்னை எதிரில் உட்கார வைத்து, "நீங்க என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டுப் பார்த்தார். தண்ணீரை முதலில் அவர்களுக்கு ஊற்ற வேண்டுமா, சர்வர் ஊற்றும்வரை காத்திருக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். பாப்பா சாம்பாரில் கையை விட்டு அவர் சட்டையில் துடைத்தாள். மூக்குக் கண்ணாடி போட்ட வயசான சர்வர் ஒருவர் அவளுக்கு மீன்களைக் காட்டி, கடைசியில் ஒரு கைப்பிடி சர்க்கரையும் கொடுத்து அனுப்பினார். நன்றாகத்தான் போயிற்று எல்லாம். தண்ணீரில் எதுவுமே நன்றாகத்தான் போகும்.

அந்த நாள் வந்தபோது என்னையும் வரச் சொன்னார். தூணுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் போதுமாம். "நீ அங்க இருந்தா எனக்கு ஒரு தைரியம்மா." எழுபது வயதில் ஒரு ஆணுக்குத் தைரியம் கொடுக்க, கைக்குழந்தைக்காரி தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். போனேன். வேறென்ன செய்வேன்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனாலும் குடை எடுத்துக்கொண்டு வந்திருந்தார், மெரூன் நிறத்தில் சின்னப் பூப்போட்ட மடக்குக் குடை. மழை வந்தால் என்ன செய்வது என்றார். அதை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, இன்டர்வியூவுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

உறையூர் அம்மா நேரத்துக்கு வந்தார்கள். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. உட்கார்ந்ததும் தங்கள் டம்ளரிலும் அவர் டம்ளரிலும் தாங்களே தண்ணீரை ஊற்றினார்கள். அதற்கே இவர் தடுமாறிப்போனார். இது அவர் பார்த்து வைத்ததில் இல்லை.

அப்போது அந்தச் சர்வர், சொல்லாமலே இரண்டு காபியோடு வந்தார். "வாங்க சார். இன்னைக்குப் பாப்பா வரலையா? அந்த அம்மா வரலையா?"

"எந்த அம்மா?" என்று உறையூர் அம்மா தலையை நிமிர்த்தினார்கள்.

"ஆள் மாத்திச் சொல்றாருங்க" என்றார் இவர்.

நான் பாப்பாவைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவளுக்கு மீன் தொட்டி தெரிந்துவிட்டது, பக்கத்தில் தாத்தாவும் தெரிந்துவிட்டார். என் கையிலிருந்து வழுக்கி ஓடினாள். "தாத்தா, மீனு" என்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்த்தாள்.

"யாரு இந்தப் பாப்பா?" என்று அந்த அம்மா கேட்டார்கள். கோபமாக இல்லை. சிரிக்கத் தயாராக இருந்த முகம்தான்.

அவர் தூண் பக்கம் பார்த்தார். என் ஜாடைக்காகப் பார்த்தார். நான் அசையவில்லை.

"தெரியலைங்க. யாரோட குழந்தையோ."

சொன்னதோடு நிற்கவில்லை. பாப்பாவின் கையை முழங்காலிலிருந்து எடுத்துவிட்டார். மெதுவாகத்தான் எடுத்தார். ஆனால் எடுத்தார். பாப்பா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள், இது விளையாட்டா என்று. பிறகு உதடு கோணியது. வாய் திறந்து அழுதாள்.

உறையூர் அம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்தார்கள். காதில் ரிசீவரை வைத்துக் கேட்பது போல. "இந்த அழுகையை நான் கேட்டிருக்கேனே. உங்க டிவியில" என்றார்கள்.

பாப்பாவைத் தூக்கி, புடவைத் தலைப்பால் அவள் மூக்கைத் துடைத்தார்கள். அதற்குள் நான் போய் நின்றுவிட்டேன். என் கையில் கொடுக்கும்போது, "உங்க மூச்சையும் கேட்டிருக்கேன்மா" என்றார்கள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. பிறகு அவரைப் பார்த்தார்கள்.

"உங்க மடியில ஏறுற குழந்தையையே தெரியலைன்னுட்டீங்க. நாளைக்கு உங்க பொண்ணு கேட்டா என்னைத் தெரியும்னு சொல்லவா போறீங்க?"

அந்த அம்மா காபியை வீணாக்கவில்லை. நின்றுகொண்டே ஆற்றிக் குடித்து முடித்தார்கள். சித்திரை பிறந்ததும் மணப்பாறைக்குத் தம்பி வீட்டோடு போய்விடப் போவதாகவும், மாடி போர்ஷனைத் தம்பி காலி செய்து வைத்திருப்பதாகவும், இனிமேல் போன் பண்ண வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அவரோடு ஒன்றாகத் திரும்பவில்லை. ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். அவர் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்தார் போலிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது கதவின் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். கையில் குடை இல்லை.

அதன் பிறகு பல நாள் நான் அவரோடு பேசவில்லை. ஒருநாள் மாலை மாடிப்படியில் முணுமுணுப்புச் சத்தம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா" என்கிறார். இரண்டு படி ஏறுகிறார். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்று இறங்குகிறார். மன்னிப்புக் கேட்பதற்கும் வெள்ளோட்டம். கடைசியில் பெல்லை அழுத்தாமலே மேலே போய்விட்டார். தாழ்ப்பாளில் வைத்த கையோடு நான் அங்கேயே நின்றேன். திறந்திருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எதற்குத் திறக்க வேண்டும் என்று அடுத்த நிமிஷம் தோன்றியது.

மறுநாள் முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். மணப்பாறை முறுக்கு. இந்த மனிதருக்கு வேறு ஊர் முறுக்குக் கிடைக்கவில்லை. பேச ஆரம்பித்தவரை நிறுத்தி, என்னிடம் வேண்டாம், பாப்பாவிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் குனிந்தார். பாப்பா ஒரு முறுக்கை வாங்கிக்கொண்டு, தன் கையிலிருந்த உடைந்த காரை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அவளுக்கு அது முடிந்துபோன விஷயம். எனக்கு முடியவில்லை.

"இத்தனை பாத்து வச்சு என்ன சார் பிரயோஜனம்? ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியலையே" என்று கேட்டேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் வாசலிலேயே நின்றுகொண்டு தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இனி நம்பிக்கை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இவர் உடனே ஓயாமரி சுடுகாட்டுக்குப் போயிருக்கிறார். யாரைப் பார்க்க வேண்டும், எங்கே பதிய வேண்டும், வண்டி எதுவரை வரும், எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு திரும்பி வந்தால் கட்டில் மேல் திரை இழுத்துவிட்டிருந்ததாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள், உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று சொன்னார்களாம்.

மனைவி உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சாவுக்கு வெள்ளோட்டம் விட்டிருக்கிறார். பரிதாபம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. வந்தது, கொஞ்சம்தான் வந்தது. அதற்கு முன்னால், வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த ஒரு பெண்ணின் முகம் வந்துவிட்டது.

"அதுக்கப்புறமாவது விட்டிருக்கலாமே சார் இந்தப் பழக்கத்தை."

அவர் பாப்பா கொடுத்த காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அங்கேயே இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு யோசிக்கிறேன்மா. கையைப் பிடிக்கணுமா, தண்ணி குடுக்கணுமா, ஏதாவது பேசணுமா. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததுனாலதான் எழுந்து போனேனோ என்னமோ."

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அன்றைக்கே நான் அவரைக் கொஞ்சம் மன்னித்திருப்பேன். ஆனால் அவர் படியில் ஏறியவர் திரும்பி வந்தார். பங்குனி உத்திரத்துக்கு மகள் வருகிறாளாம். அவளிடம் உறையூர் விஷயத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டுமாம். அதற்கு முன்னால் ஒருமுறை, "நீ என் பொண்ணு மாதிரி கேள்வி கேளும்மா, நான் பதில் சொல்லிப் பாக்குறேன்."

"மாட்டேன் சார்" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. கதவைச் சாத்திய பிறகு இரண்டு நாள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. உதவி என்று கேட்டவரை இப்படியா விரட்டுவது, அதுவும் பெரியவரை. சொல்லிக் கொடுத்திருந்தால்தான் என்ன. ஆனால் மறுபடி போய்ச் சரி சார் என்று சொல்லவும் இல்லை.

பங்குனி உத்திரத்தன்று மாலை தெருவெல்லாம் கூட்டம். தாயாரும் பெருமாளும் சேர்ந்து உட்கார்ந்திருப்பது வருடத்துக்கு அந்த ஒருநாள்தான். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் வாங்கிவிட்டுத் திரும்பினேன். எங்கள் மாடிப்படியின் கீழே உறையூர் அம்மா நின்றுகொண்டிருந்தார்கள். கையில் மெரூன் குடை.

சேர்த்தி பார்த்துவிட்டு வருகிறேன், மறுபடி அந்த ஓட்டலுக்குப் போனபோது சர்வர் இந்தக் குடையை என்னிடம் கொடுத்துவிட்டார், கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார்கள். வாட்ச்மேனிடம் விசாரித்து வந்திருக்கிறார்கள். இனிமேல் இந்தப் பக்கம் வர மாட்டேன் என்றும் சொன்னார்கள். அவர் மகள் வந்திருப்பதைச் சொன்னேன். சொல்ல வேண்டாமோ என்று நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் கால் முதல் படியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப நீங்களே குடுத்துடுங்கம்மா" என்று குடையை நீட்டினார்கள்.

வாங்கியிருந்தால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும். சித்திரையில் அவர்கள் மணப்பாறைக்குப் போயிருப்பார்கள். இவர் மேலே உட்கார்ந்து செருப்புப் பழகிக்கொண்டிருந்திருப்பார். அவருக்கு அதுவே சரி என்றுகூடத் தோன்றியது. "எனக்கு ரெண்டு கையும் காலியா இல்லைங்க" என்றேன். அது பொய்யில்லை. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பால். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

மகள்தான் கதவைத் திறந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை, உறையெல்லாம் கறுப்புச் சாயம். மறுநாள் உறவில் யாருக்கோ நிச்சயதார்த்தமாம், அப்பாவின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்திருக்கிறாள். யார் வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தவள், குடையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"இது எங்கம்மா குடை."

அவர் உள்ளேயிருந்து வந்தார். தோளில் பழைய துண்டு. பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெள்ளை. அந்த அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஓட்டலில் பார்த்த அதே முகம். எனக்கு உதடு துடித்தது. சொல்லுங்க சார் என்று ஜாடை காட்டிவிடுவேனோ என்று பயந்து, பாப்பாவின் தலைமுடியில் வாயை அழுத்திக்கொண்டேன். பாப்பா என்னைத் தள்ளிவிட்டு, "தாத்தா" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

அவர் வந்து அவளை வாங்கிக்கொண்டார். சாயம் அவள் சட்டையில் பட்டது. யாரும் தடுக்கவில்லை.

"யாருப்பா இவங்க? அம்மா குடை எப்படி இவங்ககிட்ட?"

"ஓட்டல்ல விட்டுட்டேன்மா. இவங்களோட காபி குடிக்கப் போயிருந்தேன்." பாப்பாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சவங்க."

அவ்வளவுதானா என்று நினைத்தேன். தெரிந்தவர்கள். பால்காரரும்தான் தெரிந்தவர். அந்த அம்மா குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அப்போதுதான் அவர் மறுபடி பேசினார். மகளிடம்தான் பேசினார், ஆனால் கண் அந்த அம்மாவின் முதுகில் இருந்தது.

"இவங்களைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கும்மா. எழுந்து எங்கேயாவது போயிடலாம் போல இருக்கு. உங்கம்மா கூப்பிட்டப்ப அப்படித்தான் எழுந்து போனேன். இந்தத் தடவை போகாம இருந்து பாக்கணும்."

சாயம் காதோரமாக வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. மகள் தன் கறுப்புக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷம் என்று நான் எழுதினால் அது பொய்.

"முதல்ல தலையைக் கழுவிட்டு வாங்கப்பா. வழியுது" என்றாள். பிறகு அந்த அம்மாவிடம், முகத்தைப் பார்க்காமல், "உள்ள வாங்க" என்றாள்.

அந்த அம்மா செருப்பைக் கழற்றினார்கள். "மெதுவாக் கழுவட்டும். எனக்கு அவசரமில்லை."

பாதியில் கழுவியதால் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. அந்த மாதம் முழுக்க அவர் ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் வெளுப்புமாகத்தான் நடமாடினார், நிச்சயதார்த்தத்துக்கும் அப்படியே போனார். மகள் சில மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை என்று கேள்வி, அப்புறம் பேசினாள். சித்திரையும் பிறந்தது. அந்த அம்மா மணப்பாறைக்குப் போகவில்லை. ஆடிக்கு முன்னால் இவர்தான் சாமான்களைக் கட்டிக்கொண்டு உறையூருக்குப் போனார். அடுக்ககத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வருடத்துக்கு இதே பேச்சு. "நம்பெருமாள்கூட உறையூர் போனா திரும்பி வந்துடுறார். இவர் வரவே இல்லையே" என்று லிஃப்டில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நாங்கள் கே.கே. நகருக்குக் குடிவந்த பிறகு, பாப்பாவின் பிறந்தநாளுக்கு இருவரையும் கூப்பிட்டேன். வழி சொன்னேன், மேப்பும் அனுப்பினேன். முந்தின நாள் மத்தியானம் பாப்பா வாசலில் "தாத்தா" என்று கத்தினாள். போய்ப் பார்த்தால் அவர் மட்டும் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். வேர்வையில் சட்டை நனைந்திருக்கிறது, கையில் அந்தக் குடை.

"ஒண்ணும் இல்லம்மா. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம்ல. இன்னைக்கு நான் மட்டும் வழி பாத்துட்டுப் போலாம்னு."

"அவங்களுக்குத் தெரியுமா சார்?"

"அவங்கதான் அனுப்பினாங்க. போய்ப் பாத்துட்டு வாங்க, இல்லைன்னா ராத்திரி தூங்க மாட்டீங்கன்னு."

எழுபதைத் தாண்டியும் திருந்தாத மனிதர். "நாளைக்குத்தானே சார் கூப்பிட்டேன். நாளைக்கு வாங்க" என்று சொல்லி கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டுக்கு மேலே தலையை நீட்டி, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திறக்கிறது என்று நன்றாகப் பார்த்துக்கொண்டார்.